அந்த ஒரு வாக்கு!

138 இந்தப் பக்கம். 138 அந்தப் பக்கம்.

1953-ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில், சென்னைச் சட்டமன்றத்தில் எண்ணி அறிவிக்கப்பட்ட கணக்கு இது. தராசின் முள் அசையாமல் நடுவே நின்றது. அந்தத் தராசில் வைக்கப்பட்டிருந்தது பொன் அன்று, பொருள் அன்று. நாட்டுப்புறத்துப் பிள்ளைகளின் எதிர்காலம். குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரத்துக்கே திரும்புவதா, கல்லூரி வாயிலையும் மிதிப்பதா? பண்ணையாளின் மகள் நாற்று முடிக்கே பிறந்தவளா, நாட்டை ஆளவும் பிறந்தவளா? இந்த வினாவுக்கு விடை கூறத்தான் அன்று உறுப்பினர்கள் எண்ணப்பட்டார்கள்.

மணலி புதுநகரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணி எனக்கு. என் வகுப்பில் அமர்ந்திருப்போரின் தந்தையர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார்கள். ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசுகிறார்கள். ‘நீ என்ன ஆகப் போகிறாய்?’ என்று கேட்டேன் ஒரு நாள். ஒரு பிள்ளைகூடத் தந்தையின் தொழிலைச் சொல்லவில்லை. மருத்துவர் என்றாள் ஒருத்தி. மாவட்ட ஆட்சியர் என்றான் ஒருவன். தந்தையின் தொழில் இழிவு என்று கருதியா? இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. அந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. வீதியில் நின்று வாங்கப்பட்டது. மன்றத்தில் எண்ணி நிலைநாட்டப்பட்டது. அந்த எண்ணிக்கையின் கதையை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்களிக்க எழும் நொடியில் மூன்று குரல்கள் அவர் காதில் ஒலிக்கின்றன. ‘நான் அனுப்பித்தான் நீ வந்தாய்’ என்கிறது தொகுதி. ‘என் கொடியைக் காட்டித்தான் நீ வென்றாய்’ என்கிறது கட்சி. ‘இரவில் உன்னோடு தனித்திருக்கப் போகிறவன் நான்தான்’ என்கிறது மனச்சான்று. மூன்றும் ஒரே சொல்லைச் சொன்னால் சிக்கல் இல்லை. முரண்பட்டால் எதற்குச் செவி சாய்ப்பது? நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால் அவர் கண்ட துலாக்கோலுக்குத் தட்டு இரண்டு. மக்களாட்சியின் உறுப்பினர் கையிலோ மூன்று தட்டுத் தராசு!

தொகுதி இல்லாத முதல்வர்

கதையின் தொடக்கம் 1952. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் நடந்த முதல் பொதுத்தேர்தல். அன்றைய சென்னை மாநிலம், இன்றைய ஆந்திரத்தின் பெரும் பகுதியையும் மலபாரையும் உள்ளடக்கிய பெருநிலம். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. நாட்டு விடுதலையைத் தன் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்ட கட்சிக்கு, தென்னாட்டு மக்கள் பெரும்பான்மை தர மறுத்துவிட்டார்கள். எதிர்த்தரப்பினர் பிரகாசத்தின் தலைமையில் ஒன்றுகூடி, ஆட்சி அமைக்கும் உரிமை தமக்கே என்றார்கள்.

என்ன நடந்தது? தேர்தலில் நிற்காதவரும், ஒரு தொகுதியிலும் ஒரு வாக்கும் கேட்காதவருமான ஆச்சாரியார், அதாவது இராசகோபாலாச்சாரியார், ஆளுநர் ஸ்ரீபிரகாசாவால் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, 1952 ஏப்ரலில் முதலமைச்சரானார். இடைத்தேர்தலில் நின்று மக்களைச் சந்திக்கவும் அவர் முன்வரவில்லை. கொல்லைப்புற வழி என்று அன்றைய எதிர்க்கட்சியினர் கூறினார்கள். கூறியதில் பிழை என்ன? மூன்று தட்டுத் தராசில் ஒரு தட்டு அவரிடம் இல்லவே இல்லை. அவரைக் கேள்வி கேட்க ஒரு தொகுதி இல்லை. அவர் திரும்பிச் சென்று முகம் காட்ட வேண்டிய ஒரு சிற்றூர் இல்லை.

பெரும்பான்மை எப்படித் திரண்டது? இங்கேதான் நம் இயக்கத்தவர் மறக்கக்கூடாத பாடம் ஒன்று உண்டு. 1952 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் போட்டியிடவில்லை. தன் கொள்கைக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பதாக உறுதிமொழியில் கையொப்பமிட்ட வேட்பாளர்களை ஆதரித்தது. கழகத் தோழர்கள் தம் சொந்தத் தேர்தல் போல வீதி வீதியாக உழைத்தார்கள். அந்த உழைப்பில் பயன் பெற்றவற்றுள் ஒன்று, மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. அதற்கு 6 இடங்கள் கிடைத்தன. தேர்தல் முடிந்தது, மை காய்ந்தது, மாணிக்கவேலர் ஆச்சாரியார் அமைச்சரவையில் அமைச்சராக அமர்ந்தார். வேறு கட்சிகளிலிருந்தும் சிலர் அணி மாறினர். 1952 சூலையில் ஆச்சாரியார் நம்பிக்கை வாக்குக் கோரியபோது ஆதரவு 200, எதிர்ப்பு 151.

அணி மாறியவர்களும் தம் செயலுக்குக் காரணம் சொல்லியிருப்பார்கள். நாட்டின் நிலைத்தன்மை, வட்டாரத்தின் வளர்ச்சி, சமூகத்தின் முன்னேற்றம் என்று சொற்கள் எப்போதும் அழகாகவே இருக்கும். மனச்சான்று என்றுகூடச் சொல்லலாம். ஆகவே, மனச்சான்று என்ற சொல்லைக் கேட்டதும் உடனே தலை வணங்கிவிடக் கூடாது. அதை உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். அதைப் பிறகு காண்போம்.

மூன்று மணி நேரப் பள்ளி

1953 சூனில், பள்ளி ஆண்டின் தொடக்கத்தில், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆச்சாரியாரின் புதிய கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றம் அதை விவாதித்து முடிவு கூறுவதற்கு முன்பே வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்படுவர். ஓர் அணிக்குக் காலையில் மூன்று மணி நேரம் பாடம். மற்றோர் அணிக்குப் பிற்பகலில் மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பையன் தன் தந்தையின் தொழிலை அருகிருந்து கற்க வேண்டும். பெண் தாய்க்கு வீட்டு வேலையில் துணை நிற்க வேண்டும்.

ஆதரித்தோரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். பகுத்தறிவாளன் எதிரியின் வாதத்தை மறைத்து வெல்ல விரும்பமாட்டான். பள்ளிகள் போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, கருவூலத்தில் பணம் இல்லை. இருவேளை முறை வந்தால் இருக்கும் ஆசிரியரைக் கொண்டே இரட்டிப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்றனர். உடலுழைப்பு இழிவு என்ற எண்ணம் போகும் என்றனர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால், தந்தையின் தொழில் என்பது இந்த நாட்டில் என்ன? சாதியின் மறுபெயர் அல்லவா? உடலுழைப்பு உயர்ந்தது என்றால், அந்த உயர்வு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அல்லவா இருக்க வேண்டும்? வழக்கறிஞர் மகன் பிற்பகலில் சட்ட நூல் புரட்டுவான்; செருப்புத் தைப்பவர் மகன் பிற்பகலில் தோல் பதனிடுவான். இருவருக்கும் திட்டம் ஒன்றே, விளைவு ஒன்றா? அதனால்தான் மக்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே பாதிப் போரை வென்றது.

எங்கள் வடசென்னைக்கு இது எளிதில் விளங்கும். திட்டம் நாட்டுப்புறத்துக்குத்தானே, நகரத்துக்கு என்ன என்று கேட்கலாம். இங்கே ஓர் ஊரின் பெயரே வண்ணாரப்பேட்டை! வெள்ளையரின் கம்பெனி வாணிகம் செய்த நாளில், துணி வெளுப்போர் குடியமர்த்தப்பட்ட இடம். கம்பெனி போயிற்று, துணி வாணிகமும் மாறிற்று, தொழிலின் பெயர் மட்டும் ஊரின் மேல் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரின் மேலேயே இப்படி ஒட்டும் தொழில், ஒரு குழந்தையின் மேல் ஒட்டினால் எத்தனை தலைமுறைக்குக் கழுவ வேண்டியிருக்கும்?

அந்த வண்ணாரப்பேட்டைத் தொகுதி 1952-இல் பொதுவுடைமைக் கட்சியின் ஜீவானந்தத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஜீவா போன்றோருக்குக் குலக்கல்வி வழக்கில் தராசே தேவைப்படவில்லை. அனுப்பியோர் உழைப்பாளிகள், கட்சி திட்டத்துக்கு எதிர், உள்ளமும் எதிர். மூன்று குரலும் ஒரே சொல். சிக்கல் யாருக்கு? ஆளும் தரப்பில் அமர்ந்திருந்த நாட்டுப்புறத்து உறுப்பினருக்கு!

வீதியும் மன்றமும்

அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம், அன்றைய ஆளும் தரப்பின் உறுப்பினர் ஒருவர் என்றே கொள்வோம். கதர் உடுத்தவர், சிறை கண்டவர், கட்சி அவருக்கு அரை வாழ்க்கை. மிராசுதாரர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துதான் அவர் தேர்தலுக்கு ஆள் சேர்த்தார். அந்த மிராசுதாரருக்குத் திட்டம் பிடிக்கும். பண்ணையாள் பிள்ளை பிற்பகலில் மாடு மேய்க்கக் கிடைப்பான் அல்லவா? அதே ஊரின் சேரியிலும் அவருக்கு வாக்கு விழுந்திருக்கிறது. அங்கே ஒரு தாய், ‘என் பிள்ளையும் இப்படியே கிடக்க வேண்டுமா?’ என்கிறாள்.

ஆக, தொகுதி என்பது ஒரு குரல் அன்று. அது ஒரு சந்தை. உரக்கக் கத்துவோர் குரல் முதலில் கேட்கும். தொகுதி மக்களின் விருப்பம் என்று சொல்லும் உறுப்பினரை நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்தத் தெருவின் விருப்பம்? இன்னொன்றும் உண்டு. இந்தத் திட்டம் யார் தலையில் விழுகிறதோ அந்தப் பிள்ளைகளுக்கு வாக்கே இல்லை. வாக்கில்லாதவர் குரல் தொகுதித் தட்டில் ஏறாது. கட்சித் தட்டிலும் ஏறாது. அது ஏறக்கூடிய ஒரே தட்டு மனச்சான்று. மனச்சான்று என்பதற்கு நான் காணும் பொருளும் இதுவே. அது கடவுளின் குரலும் அன்று, தனி ஆளின் கிறுக்கும் அன்று. அறையில் இல்லாதவர்களுக்காக அறையில் இருப்பவன் நினைவில் வைத்திருக்கும் நியாயம் அது.

அந்த நினைவை யார் ஊட்டினார்கள்? வீதி ஊட்டியது. ஊர் ஊராகச் சென்று பெரியார் முழங்கினார். 1953 சூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் மும்முனைப் போராட்டத்தில் இறங்கியது. அதில் ஒரு முனை குலக்கல்வி எதிர்ப்பு. சம்பத் தலைமையில் தோழர்கள் முதலமைச்சர் இல்லத்தின் முன் மறியலுக்குச் சென்று சிறை புகுந்தார்கள். மற்றொரு முனையான கல்லக்குடியில் உயிர்களும் பலியாயின. அன்று கழகத்துக்குச் சட்டமன்றத்தில் தன் பெயரால் வென்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை என்பதை நினைவிற் கொள்க. மன்றத்துக்குள் ஓர் இருக்கையும் இல்லாத இயக்கம், மன்றத்துக்குள் இருந்தோரின் உறக்கத்தைக் கெடுத்தது!

அதன் பிறகுதான் அந்த வாக்கெடுப்பு. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற எதிர்த்தரப்பின் கோரிக்கை மீது 138-க்கு 138. சமநிலை, ஆகவே கோரிக்கை வெல்லவில்லை. அடுத்து வந்தது மற்றொரு கோரிக்கை: திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவைக் கொண்டு ஆராய வேண்டும் என்பது. அதற்கு ஆதரவு 139, எதிர்ப்பு 137. கூட்டிப் பாருங்கள். முன்பும் 276; பின்பும் 276. ஆனால் முள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 138-க்கும் 139-க்கும் இடையே உள்ள தொலைவு ஒரே ஓர் ஆள்.

ஓராண்டுக்கு முன் 200 பேரைத் தன் பக்கம் நிறுத்திக் காட்டிய அரசால், அன்று 140-ஐக்கூடத் தொட முடியவில்லை. 375 இடங்கள் கொண்ட மன்றத்தில் 276 பேரே எண்ணப்பட்டார்கள். வராதவர் உண்டு, ஒதுங்கியவர் உண்டு, ஆந்திரம் அவ்வாண்டு அக்டோபரில் பிரியவிருந்த நேரமும் அது. ஒதுங்கி நிற்பதும் ஒரு முடிவுதான். துணிவில்லாதவனுக்கு அது ஒளியும் இடம். கட்சியை எதிர்க்கவும் மனமின்றி, தீமைக்குத் துணைபோகவும் மனமின்றித் தவிப்பவனுக்கு அது கடைசிப் படி. இரண்டுக்கும் ஒரே தோற்றம். ஆகவே ஒதுங்கியவனைப் பற்றி வரலாறு நல்லதாக ஒரு சொல்லும் எழுதுவதில்லை.

வல்லுநர் குழு அமைந்தது. பருலேகர் அதன் தலைவர். அவ்வாண்டு நவம்பரில் குழு தன் அறிக்கையைத் தந்தது. அறிக்கை யாருக்கு ஆதரவு? திட்டத்துக்கு! வல்லுநர்களின் கணக்கில் மணியும் பணமும் சரியாகவே இருந்தன. சாதி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. கற்றோர் குழு ஆம் என்றபின் மக்கள் அடங்கிவிடுவார்கள் என்று அரசு எண்ணியது போலும். மக்கள் அடங்கவில்லை. நாகையிலிருந்து சென்னை நோக்கிக் குலக்கல்வி எதிர்ப்புப் படை நடந்தது. காங்கிரசுக்குள்ளேயே வரதராசுலு நாயுடு முன்னின்று, ஆச்சாரியார் தலைமை மாறவேண்டும் என்று உறுப்பினர்களைத் திரட்டினார். 1954 மார்ச்சில் ஆச்சாரியார் விலக முடிவு செய்தார். சட்டமன்றக் காங்கிரசுத் தலைவர் தேர்தலில் காமராசருக்கு 93; அவரை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். மே 18-இல் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. சட்டமன்றத்தில் அதை அறிவித்தவர் யார்? அதே திட்டத்துக்காக வாதாடிய சி. சுப்பிரமணியம்தான், புதிய அமைச்சரவையின் கல்வி அமைச்சர் என்ற முறையில்! காலம் சில வேளைகளில் மிகவும் பொல்லாத எழுத்தாளன்.

காமராசர் ஆச்சாரியாரின் வழியைப் பின்பற்றவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் வாக்குக் கேட்டு, சட்டமன்றம் சென்றார். பெரியாரும் அண்ணாவும் அவரை ஆதரித்தார்கள். எதிர்க்கட்சி எனினும் நல்லது செய்தவரை ஆதரிக்கும் கண்ணியம் அது. கட்சித் தட்டின் எடையைக் குறைத்துக் கொள்கைத் தட்டின் எடையைக் கூட்டிய செயல் அது.

மனச்சான்றின் உரைகல்

1952-இலும் அணி மாறினார்கள். 1953-இலும் அணி தளர்ந்தது. முன்னதைப் பழிக்கிறோம், பின்னதைப் போற்றுகிறோம். நமக்குப் பிடித்தது நடந்தால் மனச்சான்று, பிடிக்காதது நடந்தால் துரோகம் என்பதுதானா நம் அளவுகோல்? நேர்மையான இளைஞன் எவனும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

உரைகல் இதுதான்: மாறியவன் பெற்றது என்ன? இழந்தது என்ன? வாக்கை மாற்றிய மறுநாள் அவன் அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தானா, கட்சியின் சினத்துக்கு ஆளானானா? அவனால் பயன் பெற்றவர் அவனுக்குக் கைம்மாறு செய்யக்கூடியவரா, செய்ய இயலாத எளியவரா? மாற்றத்தைத் தொகுதிக்குச் சென்று வாய் திறந்து சொன்னானா, இரவில் கார் ஏறி மறைந்தானா?

இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று. 1774-இல் எட்மண்டு பர்க்கு என்பவரைப் பிரிஸ்டல் நகரம் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. வென்ற நாளில், நவம்பர் 3 அன்று, தன் வாக்காளர் முன் நின்று அவர் கூறியதன் சாரம்: உறுப்பினர் தம் உழைப்பை மட்டுமன்றித் தம் அறிவின் தீர்ப்பையும் மக்களுக்குக் கடன்பட்டவர், அவர்கள் கருத்துக்காகத் தம் தீர்ப்பைப் பலியிட்டால் அது அவர்களுக்குச் செய்யும் பணி ஆகாது. பின்னர், அயர்லாந்தின் வாணிகத்துக்கு இருந்த தடைகள் தளர வேண்டும் என்றும், கத்தோலிக்கர் மீதான கொடுஞ்சட்டங்கள் தளர வேண்டும் என்றும் அவர் நின்றார். பிரிஸ்டல் வணிகர் வெகுண்டனர். 1780 தேர்தலில், தோல்வி உறுதி என்று கண்டு போட்டியிலிருந்தே விலகினார். கொள்கைக்காக இடத்தை இழந்தார். உரைகல்லில் பொன் நிறம் தெரிகிறது.

ஆனால் பர்க்கை அப்படியே நம் வழிகாட்டியாகக் கொள்ள முடியுமா? முடியாது. அவர் முன் நின்ற வாக்காளர் சில ஆயிரம் ஆடவர். உழைப்பாளிக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. நான் அறிவேன், நீங்கள் கேளுங்கள் என்ற மேட்டுக்குடி மனப்பான்மையும் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. பிற்காலத்தில் அவரே பிரெஞ்சுப் புரட்சியைப் பழித்தார். அவருக்கு விடையாகத்தான் 1791-இல் தாமஸ் பெயின் மனித உரிமைகள் என்ற நூலை எழுதினார். மக்களைக் கேளாத மனச்சான்று எவ்வளவு எளிதில் மக்கள் மீது சவாரி செய்யும் என்பதற்கு ஆச்சாரியாரே சான்று. அவருக்கும் தம் திட்டம் நல்லது என்ற உறுதி இருந்திருக்கும். அந்த உறுதியை அசைத்துப் பார்க்க ஒரு தொகுதி இல்லை, அதுதான் கேடு.

தொகுதி இல்லாத மற்றொருவரையும் காட்டுகிறேன். டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் 1920-களில் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமனம் பெற்றுச் சென்றவரே. அதன் துணைத் தலைவராகவும் இருந்தவர். அவர் அந்த இருக்கையை எதற்குப் பயன்படுத்தினார்? கோயில்களுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட பெண்களின் விடுதலைக்கு. சாத்திரமும் சம்பிரதாயமும் பேசிச் சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. 1930-இல் காந்தியார் சிறைப்பட்டதைக் கண்டித்து அந்தப் பதவியையே துறந்தார். வெளியே, அந்தக் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடை தோறும் முழங்கினார். 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. நியமனத்தில் வந்தவர் இருவர். ஒருவர் வாக்கில்லாத பெண்களின் விலங்கை உடைக்க அந்த இருக்கையில் அமர்ந்தார். மற்றவர் வாக்கில்லாத பிள்ளைகளுக்கு விலங்கு வடித்தார். வந்த வழியோடு, யாருக்காகப் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கொறடாவின் கயிறு

இன்று 1953-இன் வாக்கெடுப்பு நடக்குமா? எளிதில் நடக்காது. 1967-இல் அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரு வாரத்துக்குள் மும்முறை கட்சி மாறினார். ஆயா ராம், கயா ராம் என்ற வசையே அதனால் பிறந்தது. அந்த நோய் நாடெங்கும் பரவியதால், 1985-இல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தம் வந்தது. கட்சியின் கட்டளையை மீறி, முன் இசைவின்றி, ஓர் உறுப்பினர் வாக்களித்தாலோ ஒதுங்கினாலோ, 15 நாட்களுக்குள் கட்சி அதைப் பொறுத்துக்கொள்ளாவிட்டால், அவர் பதவி பறிபோகலாம். 1992-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2003-இல் 91-ஆவது திருத்தம் அதை மேலும் இறுக்கியது.

சட்டம் வந்த காரணம் நியாயமானது. 1952-இன் தாவல்களைக் கண்ட நாம் அதை மறுக்க முடியாது. ஆனால் நோய்க்குத் தந்த மருந்து, நலமான உறுப்பையும் செயலிழக்கச் செய்தால்? அமைச்சரவை நிற்குமா விழுமா என்ற வாக்கெடுப்பில் கொறடாவின் கட்டளை இருக்கட்டும். ஒரு பள்ளித் திட்டத்திலும், ஒரு நிலச் சட்டத்திலும், ஒரு கழிமுகத்தின் உயிர்ப் பிரச்சினையிலும் உறுப்பினரின் வாய்க்கு ஏன் பூட்டு? 1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழு, கட்டளை மீறலுக்கான தண்டனை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிற்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலேயே இருக்கிறது.

‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா சொன்னாரே, கட்டுப்பாட்டை மீறச் சொல்கிறாயா?’ என்று தோழர் ஒருவர் கேட்கலாம். சொல்லவில்லை. கட்டுப்பாடு இல்லாத கட்சி, கரையில்லாத ஆறு. ஆனால் அந்த மூன்றில் கட்டுப்பாடு மூன்றாவது, கடமை முதலாவது. கட்சி அறைக்குள் உண்மையைச் சொல்வது கடமை. எதிர்ப்பைத் தாழ்மையோடும் காரணத்தோடும் சொல்வது கண்ணியம். விவாதித்து எடுத்த முடிவுக்குக் கட்டுப்படுவது கட்டுப்பாடு. விவாதமே இல்லாத இடத்தில் கட்டுப்படுவதற்குப் பெயர் வேறு, அது மந்தை.

நம் வேலை

எங்கள் பகுதிக்கே திரும்புகிறேன். 2023 டிசம்பரில் புயல் வெள்ளம் வந்தபோது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர் படகுகளும் வலைகளும் கறுத்தன. அதே பகுதியில், ஆலைகளின் கூலியில் அடுப்பெரியும் வீடுகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. நாளை ஓர் ஆலையின் விரிவாக்கம் பற்றிய கேள்வி மன்றத்துக்கு வந்தால், எங்கள் உறுப்பினர் எந்தக் குரலைக் கேட்பார்? கூலி கேட்கும் குரலும் நியாயம். மூச்சுக் கேட்கும் குரலும் நியாயம். கட்சிக்கோ மாநிலம் முழுதும் கணக்கு. இந்த வேளையில் அவரைத் தனியே விட்டுவிட்டு, பிறகு அவரைத் திட்டுவது பகுத்தறிவு ஆகாது. தனியே விடப்பட்டவன் காதில் அருகில் இருப்பவன் குரல்தான் கேட்கும். அருகில் யார் இருக்கிறார்கள்? ஒப்பந்தக்காரர் இருக்கிறார், கட்சிச் செயலாளர் இருக்கிறார். மீனவப் பெண் அருகில் இல்லை. என் வகுப்புப் பிள்ளை அருகில் இல்லை.

ஆகவே தோழர்களே, வாக்களித்துவிட்டு ஐந்தாண்டு உறங்குவது நம் வேலை அன்று. வேட்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: கட்சி ஒன்றும் மக்கள் ஒன்றும் சொன்னால் என்ன செய்வீர்? சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் உறுப்பினர் என்ன பேசினார், எப்போது வாய் மூடினார் என்று எழுதி வையுங்கள். நல்ல சொல் ஒன்று அவர் சொல்லியிருந்தால், அவர் எந்தக் கட்சியாயினும், வீதியில் நின்று பாராட்டுங்கள். அவர் அறியாததை அறியச் செய்யுங்கள். திண்ணையில் உரக்கப் பேசுவோரைத் தாண்டி, சேரியின் குரலும் குப்பத்தின் குரலும் அவர் காதில் விழ வழி செய்யுங்கள். கொறடாவின் கயிறு உறுப்பினரின் கையைக் கட்டலாம். நம் கால்களைக் கட்டவில்லை.

1953-இல் மன்றத்துக்குள் வாக்களித்தவர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? ஆனால் 138-ஐ 139 ஆக்கிய அந்த ஒரு வாக்குக்குப் பின்னால் நின்றவர்கள், மறியலில் சிறை சென்றவர்கள், கால் தேய நடந்தவர்கள், மகனுக்காகக் கேள்வி கேட்ட தாய்மார்கள் ஆகிய இவர்கள்தாம் அந்த உறுப்பினரின் மனச்சான்றாக நின்றார்கள். மனச்சான்று ஒருவன் மார்புக்குள் தானாக முளைப்பதில்லை. மக்கள் விதைத்தால்தான் முளைக்கும்.

மருத்துவர் ஆவேன் என்ற அந்தச் சிறுமிக்கு 138 என்ற எண்ணை நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வரலாற்றுப் பாடத்தில் சொல்லப் போகிறேன்.